லிஸ்ட்டின் 99 சிடிகளும் எட்டயபுரத்துப் பேரேடும்

ஸ்டாக் எடுப்பது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் இருப்பார். என் அப்பாவும் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸில்தான் இருக்கிறார். மார்ச் 31 நெருங்கினால் ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார் என்று அவருக்கே தெரியாது. புத்தகத்தில் 4000 போல்ட் என்று இருந்தால், ரேக்கில் 4000 இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஏன் குறைந்தது என்று எழுத வேண்டும்.

பி.காம் படிக்கிற எனக்கும் இதே பாடம்தான். இருப்பைக் கையால் தொட்டு எண்ணி, கணக்கோடு ஒத்துப் பார்ப்பது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு மனிதர் ஒரு இசையமைப்பாளருக்கே இப்படி ஸ்டாக் எடுத்திருக்கிறார் என்பது சில மாதங்களுக்கு முன்புதான் எனக்குத் தெரிந்தது. பியானோவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாசித்து வாசித்து எண்ணியிருக்கிறார்! அந்தக் கதையைத் தேடிப் போனவன் கடைசியில் எட்டயபுரத்தில் போய் நின்றேன். எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முன்குறிப்பு: எனக்கு பியானோவும் தெரியாது, கர்நாடக சங்கீதமும் தெரியாது. காலேஜ் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பவன், அவ்வளவுதான்.

தனியாக மேடை ஏறியவர்

ஃபிரான்ஸ் லிஸ்ட். பிறந்தது 1811, அன்றைய ஹங்கேரியில். இறந்தது 1886. ரொமாண்டிக் காலத்து இசைக்காரர்களில் பெரிய தலை. ஐரோப்பா முழுக்கச் சுற்றி வாசித்தவர். அவர் வாசிப்பைக் கேட்டு ஜனங்கள் பித்துப் பிடித்தது போல ஆடியதை, இன்றைக்கு முதல் நாள் முதல் காட்சிக்குப் போகும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

நமக்கு வேண்டிய விஷயம் வேறு. அந்தக் காலத்தில் கச்சேரி என்றால் ஒரு கதம்பம். கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் ஆர்க்கெஸ்ட்ரா, நடுவில் ஒருவர் பியானோ வாசிப்பார். ஒரே ஆள் மேடையில் உட்கார்ந்து முழு நிகழ்ச்சியையும் பியானோவில் மட்டுமே நடத்துவது வழக்கத்தில் இல்லை. லிஸ்ட் 1839-ல் ரோமில் அதைச் செய்து பார்த்தார். 1840 ஜூன் 9-ம் தேதி லண்டனில் ஹனோவர் ஸ்கொயர் அரங்கில் அவர் வாசித்தபோது விளம்பரத்தில் 'ரிசைட்டல்' என்ற வார்த்தையைப் போட்டார்கள். அதுவரை அது செய்யுளை ஒப்பிப்பதற்கான வார்த்தை. பியானோவில் எப்படிய்யா ஒப்பிப்பது என்று அப்போது கிண்டல் செய்தார்களாம். இன்றைக்கு உலகம் பூராவும் அந்த வார்த்தைதான் ஓடுகிறது.

ஆக, தனி ஆள் கச்சேரிக்கு வழி போட்டவர் லிஸ்ட். அவர் எழுதியதை எல்லாம் ஒரே ஆள் வாசித்தால்?

99 சிடி

லெஸ்லி ஹோவர்ட். 1948-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் குடியேறிய பியானோ கலைஞர். லிஸ்ட் இறந்த நூற்றாண்டான 1986-ல், லண்டன் விக்மோர் ஹாலில் லிஸ்ட்டின் படைப்புகளை மட்டும் வைத்துப் பத்து கச்சேரிகள் தொடராக நடத்தினார். அதையொட்டி ஹைப்பீரியன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக லிஸ்ட்டின் பியானோ படைப்புகள் அத்தனையையும் பதிவு செய்யும் வேலை நடந்தது. 1985-ல் தொடங்கிய பதிவு 1990-களின் கடைசியில்தான் ஒரு வழியாக முடிந்தது. அப்புறமும் புதிதாகக் கிடைத்த பிரதிகளுக்காகச் சில சிடிகள் சேர்ந்தன. லிஸ்ட்டின் 200-வது பிறந்த ஆண்டான 2011-ல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டார்கள். மொத்தம் 99 சிடி. அதில் 300-க்கும் மேற்பட்டவை அதுவரை யாருமே பதிவு செய்யாதவை. கின்னஸிலும் இடம் பிடித்தது.

99 என்பதை நம் கணக்கில் சொல்கிறேன். எங்கள் காலேஜ் பஸ் ஒரு வழிக்கு ஐம்பது நிமிஷம். தினமும் காலையில் ஒரு சிடி என்று வைத்தால், ஒரு செமஸ்டர் முடிந்தும் பெட்டி தீராது. நான் இதுவரை கேட்டது ஏழோ எட்டோ. அதிலும் இரண்டில் தூங்கிவிட்டேன், ஹி ஹி.

ஒரு மனிதர் எப்படி இவ்வளவு எழுதினார்? பாதிக்கு மேல் அடுத்தவர் இசையைப் பியானோவுக்கு மாற்றியது. பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகள், ஷூபர்ட்டின் பாடல்கள், ஓபரா மெட்டுகள் என்று ஒரு மலை. அன்றைக்கு ரேடியோ இல்லை, ரெக்கார்டு இல்லை. சின்ன ஊரில் இருப்பவன் பீத்தோவன் சிம்பொனியைக் கேட்க வேண்டும் என்றால் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எங்கே போவான்? பியானோ இருந்தால் பத்து விரலில் கேட்டுக்கொள்ளலாம்.

'முழுவதும்' என்றால் எதுவரை?

இங்கேதான் எனக்குள் இருக்கும் காமர்ஸ்காரன் விழித்துக்கொண்டான். 'முழுவதும்' என்று பில் போட வேண்டுமானால் முதலில் பட்டியல் வேண்டுமே?

லிஸ்ட் எழுதியதைத் திருத்திக்கொண்டே இருந்தவர். பதினைந்து வயதில் எழுதிய பயிற்சித் துண்டுகளை 1830-களில் பயங்கரக் கஷ்டமாக மாற்றி எழுதினார். 1850-களின் தொடக்கத்தில் அதையே மறுபடி திருத்தி வெளியிட்டார். 'டிரான்ஸெண்டெண்டல் ஸ்டடீஸ்' என்று இன்று வாசிப்பது அந்த மூன்றாவது வடிவம். அப்படியானால் ஸ்டாக்கில் ஒன்றா, மூன்றா? ஹோவர்ட் மூன்று என்று எண்ணினார். பழையதையும் வாசித்துப் பதிந்தார்.

ஷோபான் கதை நேர் எதிர். தன் மரணத்துக்குப் பின் வெளியிடாத கைப்பிரதிகளை எரித்துவிடச் சொன்னார். 1849-ல் அவர் இறந்தபின், நண்பர் ஜூலியன் ஃபோன்டானா குடும்பத்தின் சம்மதத்தோடு அதில் பலவற்றை 1855-ல் அச்சிட்டார். இன்றைக்கு எல்லோரும் வாசிக்கும் 'ஃபேன்டசி இம்ப்ராம்ப்டு' அந்தக் கட்டில் இருந்து வந்ததுதான். ஷோபானின் 'முழுத் தொகுப்பு' வாசிக்கிறவர் அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதையும் சேர்த்துத்தான் வாசிக்கிறார்.

மேடையில் ஒருவர் தெரிகிறார். அவருக்குப் பின்னால் கைப்பிரதியைப் பாதுகாத்தவர், பிரதி எடுத்தவர், அச்சுக் கோத்தவர், பட்டியல் போட்டவர் என்று ஒரு ஸ்டோர்ஸே இருக்கிறது. லிஸ்ட்டின் காகிதங்கள் பெருமளவு ஜெர்மனியில் வெய்மார் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் ஹோவர்டின் விரல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பிரயோஜனம் இல்லை.

இதை யோசித்தபோதுதான் அடுத்த கேள்வி வந்தது. நம் ஊரில் இதே காலத்தில் வாழ்ந்த ஒருவருக்கு இப்படி ஸ்டாக் எடுக்க முடியுமா?

அதே காலம், காஞ்சிபுரம்

ஒரகடத்தில் இருந்து வாலாஜாபாத் வழியாகப் போனால் காஞ்சிபுரம். அங்கே சில வருஷம் தங்கியிருந்து பாடியவர் முத்துசுவாமி தீட்சிதர். 1775-ல் திருவாரூரில் பிறந்தவர். ஏகாம்பரநாதர் மேல் பைரவி ராகத்தில் அவர் பாடிய 'சிந்தய மாகந்த' கீர்த்தனையை இன்றும் பெரிய வித்வான்கள் பாடுகிறார்கள். பீத்தோவனை விட ஐந்து வயது இளையவர். 1835 தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் காலமானபோது ஷோபானுக்கும் லிஸ்ட்டுக்கும் இருபதுகளின் நடுவயது.

அவருக்கு மேற்கத்திய இசையும் காதில் விழுந்திருக்கிறது. அவர் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது, கோட்டையில் வெள்ளைக்காரர்கள் வாசித்த பாண்டு இசையைக் கேட்டார்கள். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக்கொண்டு கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அதைத்தான் நோட்டுஸ்வரம் என்கிறோம். பிரிட்டிஷ் ராஜா வாழ்த்துப் பாட்டின் மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' ஆனது. எல்.கே.ஜி.யில் நாம் பாடிய 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டில் 'சியாமளே மீனாக்ஷி' இருக்கிறது. நம்பாவிட்டால் கேட்டுப் பாருங்கள்!

சரி, அவர் பாடியது மொத்தம் எத்தனை? யார் எழுதி வைத்தார்கள்?

லிஸ்ட்டுக்குக் கிடைத்த மாதிரி ஒரு பதிப்பகம் இவருக்குக் கிடைக்கவில்லை. சீடர்கள் மனதில் இருந்தது. தஞ்சை நால்வர் மாதிரி பெரிய சீடர்கள்தான். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது ஒரு பகுதி. சீடர் போனால் அந்த ரேக் காலி.

எழுதாமல் காப்பாற்றவில்லையா?

என் வகுப்புத் தோழன் ஒருவன் இதைக் கேட்டான். "எங்க ஊர் ஸ்ரீபெரும்புதூர்டா, ராமானுஜர் பிறந்த ஊர். கோயில்ல நாலாயிரத்தையும் மனப்பாடமாத்தான சொல்றாங்க?"

நியாயமான கேள்வி. அவன் சொன்ன நாலாயிரத்தின் கதையும் ஸ்டாக் எடுத்த கதைதான். ராமானுஜருக்கு முன்னால் வந்த நாதமுனி ஒரு நாள் நம்மாழ்வாரின் பத்துப் பாட்டைக் கேட்டார் என்பது வைணவ மரபு. ஆயிரத்தில் இது பத்து என்று அதன் கடைசிப் பாட்டு சொன்னது. மீதி 990 எங்கே என்று திருக்குருகூர் வரை தேடிப் போனார். ஆயிரத்துக்குப் போனவருக்கு நாலாயிரமும் கிடைத்தது என்பார்கள். அதை இசையோடு பாடத் தன் மருமக்கள் இருவருக்குக் கற்றுக்கொடுத்தார். திருவரங்கத்தில் பகல் பத்து, இராப்பத்து நாட்களில் அரையர்கள் அதைப் பாடும் மரபு இன்றும் இருக்கிறது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். நாலாயிரத்தின் சொல் நம்மிடம் எழுத்து பிசகாமல் வந்துவிட்டது. பண்? பழைய இசை பெரும்பாலும் கைநழுவிவிட்டது. இன்று கோஷ்டியில் கேட்பது ஓதும் முறை. சொல்லை மனப்பாடம் செய்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். மெட்டைச் சுமந்தவர்கள் சில குடும்பங்கள்தான். தீட்சிதரின் பாட்டுக்கும் இதே ஆபத்துதான் காத்திருந்தது.

பார்வையைக் கொடுத்தவர்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இப்போதுதான் வருகிறார். அ.மு. சின்னசாமி முதலியார். எம்.ஏ. படித்தவர், கிறிஸ்தவர், சென்னை அரசுத் தலைமைச் செயலகத்தில் சூப்பரிண்டெண்டெண்ட். மேற்கத்திய இசை எழுதும் முறை அவருக்குத் தெரியும். அதாவது ஐந்து கோடு போட்டுப் புள்ளி வைக்கும் ஸ்டாஃப் நோட்டேஷன். நம் சங்கீதத்தையும் அப்படி எழுதிவிட்டால் உலகத்தில் எவனும் வாசித்துப் பார்க்கலாம், அழியாது என்று நினைத்தார்.

1892 வாக்கில் 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நோட்டேஷன்' என்று மாத இதழாக வெளியிடத் தொடங்கினார். தியாகராஜரின் சீடர் வழியில் வந்த வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதரிடம் பாடல்களைக் கேட்டு எழுதினார். தீட்சிதரின் பாடல்களுக்கு எட்டயபுரத்தில் இருந்த சுப்பராம தீட்சிதரைப் பிடித்தார். இவர் பாலுசுவாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தாவே தத்து எடுத்து வளர்த்தார். குடும்பச் சொத்து முழுக்க இவர் தொண்டையிலும் வீணையிலும் இருந்தது.

இந்த இதழின் வரவு செலவை நினைத்துப் பாருங்கள். ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவனுக்கு நம் ராகம் வேண்டாம். ராகம் பாடுகிறவனுக்கு ஐந்து கோடு புரியாது. வாங்குவது யார்? எந்த பேங்க் மேனேஜரும் கடன் தரமாட்டார். முதலியார் கைப்பணத்தைப் போட்டார். இதழ் சில காலத்துக்கு மேல் ஓடவில்லை. ராத்திரி பகலாக நோட்டேஷன் எழுதியதில் அவர் கண் பார்வையும் போனது.

கணக்குப்படி இது முழு நஷ்டம். ஆனால் அவர் விடவில்லை. 1899-ல் எட்டயபுரம் சமஸ்தானத்தில் புது ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்தபோது அங்கே போனார். சுப்பராம தீட்சிதரிடம் இருப்பதை எல்லாம் அச்சில் கொண்டுவர வேண்டும் என்று ராஜாவிடம் கேட்டார். தன் பேரில் இல்லை, தன் ஐந்து கோட்டிலும் இல்லை. நம் ஸரிகமவில், தெலுங்கு எழுத்தில்.

சுப்பராம தீட்சிதர் தயங்கியிருந்தால் அதில் ஆச்சரியம் என்ன? தலைமுறையாகக் காப்பாற்றிய வித்தை. யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் மரியாதை, சன்மானம் எல்லாம். அச்சடித்துவிட்டால் காசு கொடுத்து வாங்குகிற எவனுக்கும் அது சொந்தம். வயது அறுபது. ஆனாலும் உட்கார்ந்தார். 1904-ல் எட்டயபுரத்து வித்யா விலாஸினி அச்சகத்தில் 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி' வெளிவந்தது. 72 மேளங்களின் வரிசையில் ராகங்களை அடுக்கி, கமகத்துக்கு எல்லாம் தனித்தனிக் குறி போட்டு, தீட்சிதரின் 229 கீர்த்தனைகளை ஸ்வரத்தோடு எழுதியிருந்தார். இரண்டு வருஷம் கழித்து 1906-ல் காலமானார்.

அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. முதலியார் எட்டயபுரம் போகாமல் இருந்திருந்தால்? கொஞ்சம் அப்புறம் பார்க்கலாம் என்று ராஜா சொல்லியிருந்தால்?

பின்னால் சென்னை மியூசிக் அகாடமி 1961-ல் தொடங்கி 1983-க்குள் ஐந்து பாகமாகத் தமிழ் எழுத்தில் அதை வெளியிட்டது.

கணக்கு இன்னும் முடியவில்லை

229-தானா என்றால், இல்லை. 1930-களில் இருந்து கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயர் வேறு பல கீர்த்தனைகளையும் தீட்சிதர் பேரில் பல பாகங்களாக வெளியிட்டார். இன்று 400-க்கு மேல் சொல்கிறார்கள். சுப்பராம தீட்சிதர் புத்தகத்தில் இல்லாதவை எல்லாம் தீட்சிதர் செய்ததுதானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எங்கள் அப்பா பாஷையில் சொன்னால், ரேக்கில் சரக்கு இருக்கிறது, இன்வாய்ஸ் இல்லை.

ஆனால் ஒரு மூலையை முழுசாக எண்ணி முடித்திருக்கிறார்கள். நோட்டுஸ்வரங்கள் நாற்பதை ஒட்டி இருக்கின்றன. அமெரிக்காவில் வாழும் இசையமைப்பாளர் கண்ணிக்ஸ் கண்ணிகேஸ்வரன் 2008-ல் 'விஸ்மயா' என்ற பெயரில் அவற்றைத் தொகுப்பாக வெளியிட்டார். சென்னைக் கோட்டையில் இருந்து மணலிக்குப் போன மெட்டு, அங்கிருந்து எட்டயபுரம் போய், கடைசியில் கடல் தாண்டிவிட்டது.

ஹோவர்டையும் சுப்பராம தீட்சிதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். ஹோவர்டுக்கு முன்னால் காகிதம் இருந்தது, அதை ஒலியாக மாற்றினார். சுப்பராம தீட்சிதருக்கு ஒலி இருந்தது, அதைக் காகிதமாக மாற்றினார். இரண்டாவது வேலை முதலில் நடந்தால்தான் முதல் வேலை நடக்கும். கைதட்டல் மட்டும் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. எட்டயபுரம் என்றால் நமக்கு பாரதியார் ஞாபகம் வருகிறார். சரிதான். இந்தக் கிழவரையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். கண் போன அந்த முதலியாரையும்.

என் வீட்டு ஸ்டாக்

கடைசியாக ஒன்று. என் ஆயா நடவுக்குப் போனவள். நாற்று நடும்போது பாடுகிற பாட்டு, தாலாட்டு, சாவு வீட்டுப் பாட்டு என்று எத்தனையோ தெரியும். அவள் நட்ட நிலத்தில் இப்போது லாரி நிற்கிறது. லீவில் ஒரு நாள் சும்மா மொபைலில் அவள் பாடியதைப் பதிவு செய்தேன். மூன்று பாட்டு. மூன்றாவதில் பாதியிலேயே யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போய்விட்டேன். "மிச்சத்த அப்புறம் பாடுறேன் போ" என்று அவள் சொன்னது கூடப் பதிவாகியிருக்கிறது. ஆயா போய் இரண்டு வருஷம் ஆகிறது.

போன வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா பாடியதில் உனக்கு எது எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். முதலில் வெட்கப்பட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அக்கவுண்ட்ஸ் நோட்டில் கடைசிப் பக்கத்தில் முதல் அடிகளை மட்டும் எழுதிக்கொண்டேன். பதினொன்று வந்திருக்கிறது. இரண்டுக்கு மெட்டு ஞாபகம் இல்லை என்றார்கள். அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி போக வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். எத்தனை வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.